டிராமில் ஏறாத ஆடு

பத்மஜாவைப் பற்றி இந்த ஊர்த் தமிழர்களிடையே உலவும் பொய்களில் முக்கால்வாசி நான் கிளப்பிவிட்டவை. அவள் வீட்டு ஃபிரிட்ஜில், மாவடு ஜாடிக்குப் பக்கத்தில், இரண்டு மூளைகள் இருக்கின்றன என்று சொன்னது நான். பெண் பார்க்க வந்த டெல்லி மாப்பிள்ளையிடம் அவள் இருபது சாமான்களின் பெயரைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னதாகவும், அவன் பதினொன்றில் திணறியதால் கல்யாணம் நின்றுபோனதாகவும் சொன்னது நான். அப்படி ஒரு மாப்பிள்ளை வரவே இல்லை. மூளைகள் இருப்பது நிஜம். ஆனால் அவை அவள் வேலை செய்யும் ஆராய்ச்சி நிலையத்தில், ஃபார்மலின் வாளிகளில், எண் எழுதிய சீட்டோடு இருக்கின்றன.

இந்தப் பொய்களையெல்லாம் கேட்டு அவள் சிரிப்பாள். ஒன்றே ஒன்றுக்குத்தான் சிரிக்கவில்லை. நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு, ஊரில் நமக்குத் தெரிந்த யாரைப் பற்றியாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். வேறு யாரைப் பற்றியாவது எழுதித் தப்பித்திருக்கலாம். முடியவில்லை. இதில் ஜோடனை எதுவும் கிடையாது. நம்ப மாட்டீர்கள், அதுவும் நியாயம்தான்.

காலை ஏழு மணிக்கு லேக் மார்க்கெட்டில் அவளைப் பார்த்தால் டாக்டர் என்று தோன்றாது. ஐம்பத்தாறு வயது. கைத்தறிப் புடவை, காலில் கான்வாஸ் ஷூ, தோளில் ஜோல்னாப் பை. கத்தரிக்காய்க்காரனிடம் வங்காளியில் சண்டை போடுவாள், ஜெயித்த பிறகு அவன் அம்மாவின் முழங்கால் வலியை விசாரிப்பாள். பைக்குள் தயிர்சாத டப்பாவும் ஒரு ஸ்டாப் வாட்ச்சும் இருக்கும்.

அவள் அப்பா பட்டாபிராமன் ஆபீஸ்கள் நிறைந்த டல்ஹௌசி வட்டாரத்தில் ஒரு தேயிலைக் கம்பெனியில் ஆபீசர். பவானிபூரில் ஒரே மாடியில் எதிரெதிர் வீடு எங்களுக்கு. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். தெருவில் வங்காளி, எதிர்க்கடையில் ஹிந்தி, வீட்டுக்குள் தமிழ் என்று மூன்றையும் அவள் நாலு வயதில் கலக்காமல் பேசினாள்.

அவள் மறதி நோய் ஆராய்ச்சிக்குள் போனதற்கு வீட்டில் யாருக்கும் மறதி வந்தது காரணமில்லை. டாக்டர் படிப்பின் கடைசி வருஷம், ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் ஒரு கிழவி. எட்டு மாதமாக அங்கேயே கிடந்தாள். புத்தி பேதலித்தவள், பேச்சில் அர்த்தமில்லை என்று அவள் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது. பத்மஜா ரத்தம் எடுக்கப் போன அன்று கிழவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வாய் மோர் கெடைக்குமா கண்ணு?" என்று கேட்டாளாம். கரக்பூர் ரயில்வேயில் கலாசிக் கூலியாக இருந்த பிள்ளையைத் தேடி வந்து, பிள்ளை செத்துப்போய், வழி தெரியாமல் நின்றவள். பேரன்களின் பெயர், ஊர்ப் பெயர், அன்றைய கிழமை எல்லாம் பிசகில்லாமல் சொன்னாள். எட்டு மாதமாக யாருக்கும் அவள் பேசுவது புரியவில்லை, அவ்வளவுதான்.

"பெரிய டாக்டரைக் குத்தம் சொல்லலாம் மாமி. ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் அந்த ஷீட்ல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். அவ வாயைத் திறக்கறதுக்குக்கூட நான் நிக்கலை" என்று என்னிடம் அன்றைக்கே வந்து சொன்னாள். அவள் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இரண்டாவது தடவையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அல்சைமருக்கு மருந்து கண்டுபிடிக்கிறவள் இல்லை பத்மஜா. மூளைக்குள் வேண்டாத புரதம் படிந்து, அது சுருங்க ஆரம்பித்து, வெளியே தெரிவதற்குள் பத்து வருஷம் ஓடிவிடுமாம். அந்தப் பத்து வருஷத்துக்குள் எப்படிக் கண்டுகொள்வது என்பதுதான் அவள் வேலை. அதுவும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம், அவரவர் பாஷையில். வெளிநாட்டுப் பரீட்சைத்தாளில் காண்டாமிருகப் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்பார்களாம். சுந்தரவனத்து மீனவச்சி காண்டாமிருகத்தை எங்கே கண்டாள்? பத்மஜா இறால் படம் போட்டாள். இருபது வருஷம் கிராமம் கிராமமாக அலைந்து வங்காளிகளுக்கு ஒரு பரீட்சை செய்து முடித்தாள். மார் தட்டிக்கொள்ளும் ஜாதியில்லை அவள். பரீட்சை ஒழுங்காக இருக்கிறது என்று மட்டும் சொல்வாள்.

பிறகு, ஏழெட்டு வருஷம் முன்பு, இந்த ஊர்த் தமிழர்களுக்கு என்று ஆரம்பித்தாள். அறுபது தாண்டியவர்கள் இருநூற்றுப் பதினாலு பேர். வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரையும் சோதிக்க வேண்டும். அதற்கு உதவியாக நந்திதா என்று ஒரு பெண். சைக்காலஜி படித்தவள், மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். அவள் தமிழ் பேசினால் முன்னால் வங்காளி வரும், பின்னால் தமிழ் ஓடி வரும்.

சோதனையின் முதுகெலும்பு ஒரு குட்டிக் கதை. நந்திதா அதை ஒரு தடவை வாசிப்பாள். நாம் உடனே திருப்பிச் சொல்ல வேண்டும். வேறு ஏதேதோ கேட்டு அரை மணி கழித்து, "அந்தக் கதையை மறுபடி சொல்லுங்கோ நா" என்று வங்காளி "நா"வை ஒட்டவைத்துக் கேட்பாள். கதையில் இருபத்தைந்து விஷயங்கள். எத்தனை சொல்கிறோமோ அத்தனை மார்க். இருபதுக்கு மேல் வாங்கியவர்களை அதோடு விட்டுவிடுவார்கள். குறைந்தவர்களுக்குத்தான் அடுத்து ஸ்கேன், ரத்தம், எல்லாம்.

கதை இதுதான். திங்கட்கிழமை காலை ப்ரியா என்ற பெண் லேக் மார்க்கெட்டில் அரைக் கிலோ வெண்டைக்காயும் ஒரு தேங்காயும் வாங்கினாள். டாலிகஞ்ச் போகும் டிராமில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மழை பிடித்துக்கொண்டது. இறங்கும் அவசரத்தில் மூக்குக்கண்ணாடியை விட்டுவிட்டாள். மறுநாள் கண்டக்டர் அதை ஒரு நீல உறையில் போட்டு அவள் தங்கை வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். இப்படி.

வருஷா வருஷம் கதையை மாற்ற வேண்டும் என்பது பத்மஜாவுக்குத் தெரியாததில்லை. ஆனால் ஒரு புதுக் கதையைச் சரிபார்க்கவே இன்னொரு இருநூறு பேர் வேண்டும். இந்த ஊரில் அத்தனை வயசான தமிழர்களுக்கு எங்கே போவது? பிள்ளைகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் கூட்டிக்கொண்டு போனது போக மிஞ்சியவர்கள்தானே நாம். அதனால் ஒரே கதையை வைத்துக்கொண்டாள். சோதனை முடிந்ததும் ஒவ்வொருவரிடமும், "கதையை வெளியில சொல்லக்கூடாது" என்று நந்திதா சொல்வாள். நானும் தலையாட்டினேன்.

முதல் வாரத்திலேயே என் முறை வந்தது. அந்த வெள்ளிக்கிழமை வனஜா வீட்டில் எங்கள் ஸ்தோத்திரக் குழு கூடியது. பாராயணம் முடிந்து சுண்டலும் காபியும் வந்தன. பத்துப் பன்னிரண்டு மாமிகள்.

"என்ன கேட்டா மாமி? கஷ்டமா?" என்றாள் வனஜா. அவள் கணவர் குருமூர்த்தி வங்கியில் பெரிய மானேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவர்கள் இரண்டு பேருக்கும் அடுத்த மாதம் சோதனை.

"ஒரு கதை சொல்றா. திருப்பிச் சொல்லணும்."

"எத்தனைக்கு எத்தனை மார்க் வாங்கினேள்?"

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் கெட்டது. ஆயிரம் நாமத்தைப் புத்தகம் பார்க்காமல் சொல்கிற பெண்கள் இவர்கள். மார்க் என்று காதில் விழுந்ததும் அத்தனை பேரும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். நான் கதையைச் சொன்னேன். வெறும் வெண்டைக்காய், தேங்காயோடு நிறுத்த என் நாக்கு சம்மதிக்கவில்லை. மழைக்கு ஒதுங்கி ஓர் ஆடும் டிராமில் ஏறியது என்றேன். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கிழித்தார், ஆடு டிக்கெட்டைத் தின்றுவிட்டு அடுத்த ஸ்டாப்பில் கௌரவமாக இறங்கிப் போனது என்றேன். எல்லாரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

வனஜா மட்டும் ஸ்தோத்திர நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். "மெதுவாச் சொல்லுங்கோ மாமி, எழுதிக்கறேன். சந்தை சொல்லிடலாம்" என்றாள்.

சந்தை என்றால், ஒருத்தர் ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் அதை இரண்டு முறை திருப்பிச் சொல்வது. ஸ்தோத்திரமெல்லாம் நாங்கள் அப்படித்தான் கற்றுக்கொள்கிறோம். ஒரு தடவை அப்படி ஏறினால் உயிர் போகிற வரை இறங்காது. "ஆடு கிடையாதுடி, அது நான் சேர்த்தது" என்று சொல்லத்தான் செய்தேன். சிரிப்பில் யாருக்கும் காதில் விழவில்லை. ப்ரியா வெண்டைக்காய் வாங்குவதிலிருந்து ஆடு இறங்கிப் போவது வரை இரண்டிரண்டு முறை, ராகத்தோடு, ஐந்து வெள்ளிக்கிழமை நடந்தது. அதன்பிறகு வனஜா அதை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். கொரோனா வருஷத்தில் சோதனையை டெலிபோனில் வைத்தார்கள். நோட்டைக் கண்ணெதிரே விரித்து வைத்துக்கொண்டே பதில் சொன்னவர்கள் உண்டு.

தப்பு என்று எங்களுக்குத் தோன்றவில்லை. பரீட்சைக்குப் படித்துவிட்டுப் போவது எந்த ஊரில் தப்பு?

பத்மஜாவின் கணக்கில் ஓர் அதிசயம் தெரிய ஆரம்பித்தது. அவள் முன்பு சோதித்த வங்காளிகளுக்கு வயதாக ஆக மார்க் இறங்கியது. எங்களுக்கு ஏறியது. எழுபத்தைந்து வயதில் நான் இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. அவள் அதை நம்ப முதலில் மறுத்தாள். நாலு வருஷம் பார்த்தாள். பிறகு ஒரு கட்டுரை எழுதினாள். மூன்று பாஷைகளில் புழங்கி, தினமும் மனப்பாடமாகப் பாராயணம் செய்யும் ஒரு சமூகத்தில், கேட்டதை நினைவில் வைக்கும் சக்தி வயதோடு குறையாமல் நிற்கிறது என்று. வெளிநாட்டுப் பத்திரிகை அதைப் போட்டது. எங்கெங்கிருந்தோ கூப்பிட்டார்கள். நம் சங்கத்தில் பொன்னாடை போர்த்தினோம். முன்வரிசையில் உட்கார்ந்து அதிகச் சத்தமாகக் கைதட்டியவள் நான்.

அன்று மேடையில் அவள், "இது என் பெருமையில்லை, உங்க எல்லாரோட பெருமை" என்றாள். வனஜா என் விலாவில் இடித்தாள். நாங்கள் இரண்டு பேரும் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தோம். இதை எழுதும்போது என் காது சுடுகிறது.

ஆட்டை முதலில் கவனித்தது நந்திதா. விடைத்தாளில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு, கதையில் இல்லாத எதையாவது சொன்னால் அங்கே எழுத வேண்டும். ஆறாவது வருஷம் அதையெல்லாம் எண்ணிப் பார்த்தபோது, முப்பத்தொரு தாள்களில் ஆடு இருந்தது.

"தீதி, இங்க பாருங்கோ நா. இத்தனை பேருக்கு ஒரே ஆடு எப்படி வரும்?" என்று பத்மஜாவைக் கேட்டிருக்கிறாள். தீதி என்றால் அக்கா, மாஷிமா என்றால் மாமி.

தனக்குத் தானே கதை கட்டிக்கொள்வது மறதி நோயில் உண்டு. ஆனால் முப்பத்தொரு பேர் ஒரே ஆட்டைக் கட்ட முடியாது. பத்மஜா அதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் கண்டாள். நந்திதா வீடு வீடாகப் போகாமல், ஓரிடத்தில் உட்கார்ந்து தாள்களைத் தானே நிரப்பியிருக்கிறாள்.

"ஒரு தாளைப் பார்த்து இன்னொண்ணு எழுதினியா?" என்று மற்றவர்கள் எதிரில் கேட்டுவிட்டாள்.

"நானா? ஒவ்வொரு மாஷிமா வீட்டிலயும் மூணு மாடி ஏறி எறங்கினேன் தீதி. ரெகார்டிங் எல்லாம் இருக்கு. நீங்க ஒண்ணுகூடக் கேட்டதில்லையே?"

"கேட்கறேன். அதுவரைக்கும் நீ வரவேண்டாம்."

நந்திதா தன் அடையாள அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். ரெகார்டிங்குகளைக் கேட்கப் பத்மஜாவுக்கு நேரம் கிடைக்கவில்லை. அல்லது கேட்கப் பயம். "கட்டுரை விழுந்துடும்னு உள்ளுக்குள்ள தெரிஞ்சிருக்கு மாமி. அதான் தள்ளிப்போட்டேன்" என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

அதற்கடுத்த வாரம் குருமூர்த்தி காணாமல் போனார். காலையில் பால் வாங்கப் போனவர் வரவில்லை. பகல் மூன்று மணிக்குப் பத்மஜாவுக்கு போன். பேசியவர் சாந்த்ராகாச்சி ரயில் நிலையத்தில் வேலை பார்க்கும் ரமேஷ்பாபு. ஒரு பெரியவர் ஹௌராவைத் தாண்டி எப்படியோ இங்கே வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். சட்டைப் பையில் உங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் அட்டை இருந்தது, வாருங்கள் என்றார். பத்மஜா வனஜாவை டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு போனாள்.

அவர்கள் போய் இறங்கும்போது ஒலிபெருக்கியில் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. ப்ரியா என்பவர் எங்கிருந்தாலும் உடனே ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு வரவும் என்று மூன்று பாஷையிலும்.

"யாருங்க ப்ரியா? மகளா?" என்றார் ரமேஷ்பாபு. அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "பேரு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு. வீடு எங்கன்னா தெரியலை. ஆனா அந்தப் பொண்ணைப் பத்தி மட்டும் எல்லாம் கரெக்டா சொல்றாரு. காலைல மார்க்கெட்ல காய் வாங்கியிருக்கு, டாலிகஞ்ச் டிராம் ஏறியிருக்கு. நாங்க டாலிகஞ்ச் போலீஸ் தாணாவுக்கும் போன் போட்டுட்டோம்."

வனஜா பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பத்மஜா பெஞ்சுக்குப் போய் அவர் பக்கத்தில் அமர்ந்தாள். "மாமா, நான் யார் தெரியறதா?" என்று கேட்டாள். அவர் மரியாதையாகச் சிரித்தார். பிறகு, யாரோ மணி அடித்த மாதிரி ஆரம்பித்தார். "திங்கட்கிழமை காலை ப்ரியா என்ற பெண்... திங்கட்கிழமை காலை ப்ரியா என்ற பெண்..." ஒவ்வொரு வரியும் இரண்டு முறை. அதே இழுப்பு, அதே ராகம். மழை பிடித்துக்கொண்டதும், ஆடு ஏறியது. டிக்கெட்டைத் தின்றது. கௌரவமாக இறங்கிப் போனது.

பத்மஜா சின்ன வயதில் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து சந்தை சொன்ன பெண். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை என் வீட்டுக்கு வந்தாள். ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"மாமி, அந்த ஆடு உங்களோடதா?"

"எந்த ஆடு?" என்றேன். எழுபத்தெட்டு வயதிலும் பொய் எனக்கு அவ்வளவு சீக்கிரம் வருகிறது.

"கௌரவமா இறங்கிப் போற ஆடு. இந்த ஊர்ல வேற யாரும் ஆட்டைக் கௌரவமா இறங்க விடமாட்டா."

எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை, நோட்டு, ராகம், வாட்ஸ்அப். என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"விளையாட்டாத்தான் பத்மஜா..."

"தெரியும் மாமி. குருமூர்த்தி மாமா மூணு வருஷமா இருபத்திமூணு மார்க். வனஜா மாமி தினம் காபி குடுக்கறச்சே ஒரு தரம் சொல்லவெச்சிருக்கா. அதனால அவருக்கு ஸ்கேன் எடுக்கலை. எடுத்திருந்தா நோய் போயிருக்காது. ஆனா அவரைத் தனியாப் பாலுக்கு அனுப்பியிருக்க மாட்டா. பிள்ளை வந்து பக்கத்துல இருந்திருப்பான். வீடு, பணம்னு அவரே சொல்லவேண்டியதைச் சொல்லியிருப்பார், அதுக்குத் தெம்பு இருந்தப்போ."

"நான் போய் வனஜாகிட்ட..."

"இருங்கோ. இன்னும் இருக்கு." அவள் முகம் அப்போதுதான் சிவந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நின்ற அன்று போல. "போன தீபாவளிக்கு முன்னாடி காபித்தூள் கடையில மாமாவைப் பார்த்தேன். கையில தூள் பொட்டலத்தை வெச்சுண்டே இன்னொரு தரம் கால் கிலோ கேட்டார். கடைக்காரர் சிரிச்சார். மாமா என்னைப் பார்த்து, சௌக்கியமா டாக்டர்னார். என் பேரைச் சொல்லலை. அவர் என்னைப் பத்மான்னுதான் கூப்பிடுவார். முப்பது வருஷமா இதையே பார்த்துண்டிருக்கற கண்ணு மாமி இது. அங்கேயே தெரிஞ்சுபோச்சு. ஆனா ஆபீஸ் போய்த் தாளைப் பார்த்தேன். இருபத்திமூணு. சரி, ஒண்ணுமில்லைன்னு மூடி வெச்சேன். என் பரீட்சை தப்பா இருக்கும்னு நெனைக்கறதைவிட என் கண்ணு தப்புன்னு நெனைக்கறது எனக்கு சௌகரியமா இருந்தது."

காபி கலந்து தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று போய்விட்டாள். அங்கிருந்து நேராக நந்திதா வீட்டுக்குப் போயிருக்கிறாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பழைய நாளாக இருந்தால் நானே ஒன்று சேர்த்திருப்பேன். நந்திதா அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வந்தாள் என்பது மட்டும் தெரியும். ஒரு மாதம் வரைக்கும் தீதி என்று கூப்பிடாமல் மேடம் என்று கூப்பிட்டாள் என்பதும் தெரியும்.

பத்மஜா கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது மேடையில் பொன்னாடையைக் கழற்றிக் கொடுப்பது மாதிரி. அவள் மேலதிகாரி, சத்தமில்லாமல் விட்டுவிடு, அடுத்த கட்டுரையில் திருத்திக்கொள்ளலாம் என்றாராம். அவள் கேட்கவில்லை. சோதனைக் கதை பங்கேற்றவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது, அதைக் கவனிக்காத பொறுப்பு என்னுடையது என்று நாலு வரி எழுதி அனுப்பினாள். கூப்பிட்ட ஊர்களெல்லாம் வரவேண்டாம் என்றன.

அதோடு நிற்காமல் நம் சங்கத்திலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் கூட்டினாள். அதே மேடை. மைக் இல்லாமல் பேசினாள். எழுதியது தப்பு, உங்கள் மார்க்குகளை வைத்து யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது, எல்லாரும் மறுபடி வந்து ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும், என்னால் ஒரு குடும்பத்துக்கு மூன்று வருஷம் நஷ்டம் என்றாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாமி, "அப்போ எங்க மார்க்கெல்லாம் போச்சா?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

"கதையை யார் வெளியில சொன்னது?" என்று சங்கத்துச் செயலாளர் எழுந்து கேட்டார். "அது தெரிஞ்சாகணும்."

பத்மஜா நான் உட்கார்ந்திருந்த முன்வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை. "அது தேவையில்லை சார். பூட்டாம வெச்சது நான்" என்றாள்.

நான் எழுந்திருக்க வேண்டிய இடம் அது. எழுந்திருப்பதாகத்தான் வீட்டிலிருந்து கிளம்பினேன். என்ன சொல்ல வேண்டும் என்று ரிக்‌ஷாவில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முழங்கால் வலி என்று வைத்துக்கொள்ளுங்கள் என எழுதலாம். முழங்கால் அன்று நன்றாகத்தான் இருந்தது. என் பக்கத்து நாற்காலி காலி. வனஜா வரவில்லை.

ஒரு வாரம் கழித்து வனஜா வீட்டுக்குப் போனேன். குருமூர்த்தி ஈசிசேரில் இருந்தார். என்னை யார் என்று தெரியாமல், உட்காருங்கோ என்றார். பிள்ளை பெங்களூரிலிருந்து வந்து கதவுக்கு உள்பக்கம் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போயிருந்தான்.

"வனஜா, நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க ஒரு தரம் சொன்னேள் மாமி. நான் ஆயிரம் தரம் சொல்லவெச்சேன்." அவள் துவைத்த வேட்டியை மடித்துக்கொண்டே பேசினாள். "அவர் சாவியைத் தேடறப்போல்லாம், சாயங்காலம் என்ன கிழமைன்னு கேக்கறப்போல்லாம், இந்தக் கதையைச் சொல்லுங்கோன்னு சொல்லவெச்சுப் பார்ப்பேன். தப்பில்லாமச் சொல்லுவார். அன்னிக்கு நிம்மதியாத் தூங்குவேன். பத்மஜாவை ஏமாத்தினேன்னு நெனைக்கறா எல்லாரும். நான் என்னையே ஏமாத்திண்டேன்."

"பத்மஜா வந்தாளா?"

"செவ்வாயும் வெள்ளியும் வரா. அவர் பக்கத்துல உக்காந்துக்கறா. ஒண்ணும் கேக்கறதில்லை, எழுதறதில்லை. அவர் நகத்தை வெட்டிவிட்டா நேத்திக்கு. எனக்கு அவளைப் பார்க்கவே கூச்சமா இருக்கு மாமி. அவளுக்கு என்னைப் பார்க்கக் கூச்சம். ரெண்டு பேரும் அவரையே பார்த்துண்டு உக்காந்திருக்கோம்."

அன்று வீட்டுக்கு வந்து ஒரு கடிதம் எழுதினேன், பத்மஜாவின் கட்டுரையைப் போட்ட பத்திரிகைக்கு. கதையை வெளியே விட்டவள் நான், என் பெயர் இது, விலாசம் இது, டாக்டர் பத்மஜாவின் மேல் பழி போடாதீர்கள் என்று. இங்கிலீஷில் மூன்று பக்கம். எடுத்துக்கொண்டு அவள் ஆபீசுக்குப் போனேன். ஃபார்மலின் நாற்றம் அடிக்கும் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அவள் படித்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தாள். முதல் பக்கத்தில் ஒரு பத்தியை அடித்தாள்.

"நீங்க அழுதுண்டே என் ரூமுக்கு ஓடி வந்ததா எழுதியிருக்கேள். வரலையே மாமி."

"ஒரு அழுத்தம் இருக்கட்டும்னு..."

"இங்க, கூட்டத்துல எழுந்திருக்கப் போனதாவும் நான் கையமர்த்தினதாவும் இருக்கு." அதையும் அடித்தாள். குரலில் கோபம் இல்லை. விடைத்தாள் திருத்துகிறவளின் குரல். மூன்றாம் பக்கம் முழுவதும் ஒரே கோடு. எனக்குத் தலையைத் தூக்கி அவளைப் பார்க்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் எத்தனை பெண்களை நான் இப்படி நிற்க வைத்திருக்கிறேன்.

"மறுபடி எழுதிண்டு வாங்கோ" என்று தாள்களைக் கையில் கொடுத்தாள். "அனுப்பணும்னா அனுப்பலாம். ஆனா நடந்தது மட்டும் இருக்கணும்."

இரண்டாவது தடவை எழுதியதிலும் இரண்டு இடம் அடிபட்டது. மூன்றாவது தடவை எடுத்துப்போனபோது அவள் மீட்டிங்கில் இருந்தாள். நந்திதா வாங்கிப் படித்தாள். அவளைப் பற்றியும் அதில் ஒரு வரி இருந்தது. என்னால்தான் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று. அதை இரண்டு முறை படித்துவிட்டு, உறையில் போட்டு முகவரி எழுதினாள். மொத்தம் அரைப் பக்கம்தான் வந்திருந்தது.